எதுக்குங்க தம்பி ஆட வந்தீங்க?

பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில், இரவு பதினொன்றரை மணி சுமாருக்கு, என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கோயமுத்தூர்க்காரர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நட்ஸையே மடக்கிட்டீங்கன்னா, அப்புறம் எதுக்குங்க தம்பி ஆட வந்தீங்க?" கேலியே இல்லை. அறுபது வயதுக்காரர், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பல் தேய்க்கும்போது, ஓசூரிலிருந்து ஆபீஸ் போகும் பஸ்ஸில், சில நாள் தூக்கத்தில்கூட. ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் மாறுகிறது. எழுதிப் பார்த்தாலாவது ஒரு இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

ஓமஹா என்பது போக்கரில் ஒரு வகை; ஆடாதவர்களுக்காக ஒரே ஒரு வரி. கையில் நாலு சீட்டு. அதில் கட்டாயம் இரண்டு, போர்டில் விழும் ஐந்தில் கட்டாயம் மூன்று. மற்றதெல்லாம், கையில் இரண்டே சீட்டு வரும் ஹோல்டெம் மாதிரிதான். அந்த நிமிடத்தில் அதைவிடப் பெரிய கை யாரிடமும் இருக்கவே முடியாது என்றால் அது நட்ஸ். அதை மடக்குவது, சாப்பாடு பரிமாறிய இலையை மூடிவிட்டு எழுந்து போவது மாதிரி. பார்க்கிறவர்களுக்குக் கோபமே வரும்.

நான் எழுந்து போனேன்.

இருபதுக்கு ஸ்கூட்

சீட்டு எனக்குப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பதின்மூன்று சீட்டு ரம்மி. ஃபுல் என்றால் எண்பது, ஸ்கூட் விட்டால், அதாவது ஆரம்பத்திலேயே எறிந்தால், இருபது, நடுவில் எறிந்தால் நாற்பது. பெரியப்பா கையை விசிறி மாதிரி விரிப்பார், மூன்று நொடி பார்ப்பார், கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பிப்பார். அவ்வளவுதான், இருபது போயிற்று. எண்பது போகவில்லை. நாங்கள் பையன்கள் அந்த வயதில் ஸ்கூட் விடுவதைக் கோழைத்தனம் என்று நினைத்தோம். ஒரு சீக்வென்ஸ்கூட இல்லாத கையோடு கடைசி வரை உட்கார்ந்து எண்பது வாங்கிக்கொண்டு போவோம். எறிவது என்பது ஒரு வேலை, அதற்கும் கை பழக வேண்டும் என்பது பெரியப்பாவைப் பார்த்துத்தான் எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

ஆனால் பெரியப்பா எறிந்ததெல்லாம் மோசமான கை. இரண்டு ஜோக்கரும் ஒரு ரம்மியும் கையில் இருக்கும்போது எறியச் சொல்லி அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வெற்றிலையை மென்றபடி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன். ஓமஹாவின் வில்லங்கம் சரியாக இந்த இடத்தில்தான் இருக்கிறது. மோசமான கையை எறிய யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இங்கே பணம் போவதெல்லாம் நல்ல கையில்.

என் முதல் ஓமஹா டோர்னமென்ட்டில் இரண்டு ஏஸ் வந்தது. கூடவே ஒரு ஏழு, ஒரு இரண்டு. நாலும் நாலு ஜாதி. ஹோல்டெமில் ஏஸ் ஜோடி என்றால் எதிரில் எந்தக் கை இருந்தாலும் சராசரியாக நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். அந்தப் பழக்கத்தில் நான் போர்டு விழுவதற்கு முன்பே ரெய்ஸ், ரெய்ஸ், ரெய்ஸ் என்று மொத்தத்தையும் தள்ளினேன். எதிரில் இருந்த பையன் எட்டு-ஏழு-ஆறு-ஐந்தைத் திருப்பினான், இரண்டு ஜாதியில் இரண்டிரண்டாக. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "இது ஏறக்குறைய பாதிக்குப் பாதி" என்றார். நம்பவில்லை. போர்டு நம்ப வைத்தது.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எண்களின் அளவே பிடிபட்டது. ஹோல்டெமில் மொத்தம் 1,326 தொடக்கக் கைகள். ஓமஹாவில் 2,70,725. நாலு சீட்டு என்றால் ஒரு கைக்குள் ஆறு இரண்டு-சீட்டுக் கைகள் ஒளிந்திருக்கின்றன; எதிரில் இரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு. என் இரண்டு ஏஸ் அந்த ஆறில் ஒன்று மட்டும். மற்ற ஐந்தும் குப்பை. அந்தப் பையனுக்கு ஆறும் வேலை செய்தன. கையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், அது இன்னும் என்னவெல்லாம் ஆக முடியும் என்று கேட்கப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பழகிவிட்டேன் என்றுதான் அந்தக் கப்பலில் ஏறும்போது நினைத்திருந்தேன்.

சுவரில் இருந்த எண்

இருபதாயிரம் ரூபாய் நுழைவு. 118 பேர். பரிசு 18 பேருக்கு. நான் சொல்லப்போகும் கை வந்தபோது மீதி இருந்தது 19. அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சம் எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கும். இதற்கு முந்தைய இரண்டு டோர்னமென்ட்டிலும் நான் பரிசு எல்லைக்குப் பக்கத்தில் வந்து, எல்லையைத் தொடாமல் வீடு திரும்பியவன். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் வைக்கும் சிப்) 2,000–4,000. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வைக்கும் ஆன்டி இல்லை. நான் பிக் பிளைண்ட், கையில் 72,000. நடுவில் உட்கார்ந்திருந்த டெல்லிக்காரர் பாட் அளவுக்கு (முன்னால் போட்டதை ஈடுகட்டிய பிறகு நடுவில் இருக்கும் மொத்தச் சிப்பின் அளவுக்கு) ரெய்ஸ், 14,000. பட்டனில் (போர்டு விழுந்த பிறகு கடைசியாகப் பேசும் இடம்) இருந்த தொப்பிக்காரப் பையன் கால் செய்தான், அதாவது அதே அளவு போட்டான். அவனிடம் மலைபோல் சிப். என் கையைப் பார்த்தேன். கிளாவர் ஏஸ், டைமண்ட் ஜாக், ஆர்ட்டின் பத்து, கிளாவர் நாலு. அழகான கை என்று சொல்ல முடியாது. இன்னும் 10,000 போட்டு போர்டு பார்க்கலாம் என்கிற அளவுக்கு இருந்தது. போட்டேன். நடுவில் 44,000, என் முன்னால் 58,000.

போர்டில் மூன்று சீட்டு விழுந்தது. இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் எட்டு, டைமண்ட் ஏழு.

ஜாக்-பத்து என் கையில். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக். வரிசையாக ஐந்து, அதாவது ஸ்ட்ரெயிட். நட்ஸ். இதற்கு மேல் இந்த போர்டில் கையே கிடையாது. நெஞ்சு அடித்துக்கொண்டது, முகத்தை மரமாக வைத்துக்கொண்டேன் (வைத்துக்கொண்டதாக நினைத்தேன்), மேசையில் இரண்டு தட்டு தட்டி, எதுவும் போடாமல் செக் சொன்னேன். யாராவது பெட் போடட்டும், அப்புறம் எல்லாவற்றையும் தள்ளலாம் என்கிற பேராசை. இப்போது யோசித்தால் அந்தப் பேராசைதான் என்னைக் காப்பாற்றியது. நானே முதலில் பாட் போட்டிருந்தால் 58-ல் 44 போயிருக்கும். அதற்குப் பிறகு மடக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

டெல்லிக்காரர் பாட் போட்டார், 44,000. தொப்பிக்காரன் ஒரு நொடி தாமதித்து, "பாட்" என்றான். அது 1,76,000. டெல்லிக்காரரிடம் இருந்த மொத்தத்தையும் தாண்டியது, என்னுடையதை மூன்று மடங்கு. டீலர் என் பக்கம் திரும்பினார்.

அந்த நாற்பது நொடியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன். முதலில், "எனக்கு ஜாக்-பத்து. அவனுக்கும் அதுதான் என்றால்?" என்று ஒரு எண்ணம் வந்தது. நல்ல எண்ணம். சரியான இடத்தில் தொடங்கிய எண்ணம். அதைப் பின்தொடர்ந்து போயிருந்தால், என்னிடம் அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, ஏஸும் நாலும் இந்த போர்டுக்கு இரண்டு செத்த சீட்டு, ஒரு இஸ்பேட்கூட என்னிடம் இல்லை என்றெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அது பாதியில் நின்றுவிட்டது. அடுத்து, தொப்பிக்காரன் தன் சீட்டை மறுபடி திருப்பிப் பார்க்கவில்லை என்று கவனித்தேன். இரண்டு இஸ்பேட் விழுந்த போர்டில் தன் ஜாதியைச் சரிபார்க்கத் தேவையில்லாதவன், அதை ஏற்கெனவே அறிந்தவன். இதுவும் சரிதான். இதையும் நான் ஒரு முடிவுக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பிறகு தலை தூக்கி சுவரில் இருந்த திரையைப் பார்த்தேன். மீதி 19. பரிசு 18. சட்டைப் பையில் திரும்பிப் போகும் பஸ் டிக்கெட் குத்தியது. கை தானாக நகர்ந்து நாலு சீட்டையும் டீலர் பக்கம் தள்ளியது.

இதுதான் நடந்தது. எண்ணம் ஒன்று, கவனிப்பு ஒன்று, திரை ஒன்று. மூன்றில் எது கையை நகர்த்தியது என்று கேட்டால், கடைசியாகப் பார்த்தது திரையை.

டெல்லிக்காரர் கால் செய்தார். ஆல் இன் (அவருடைய மொத்தச் சிப்பும் உள்ளே) என்பதால் இருவரும் சீட்டைத் திருப்பினார்கள். டெல்லிக்காரரிடம் இரண்டு கிங், இரண்டு ஒன்பது. ஆர்ட்டினில் ஒரு கிங்-ஒன்பது, கிளாவரில் ஒரு கிங்-ஒன்பது. போர்டில் இருந்ததோடு சேர்த்து மூன்று ஒன்பது, அதாவது செட். தொப்பிக்காரனிடம் இஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் ராணி, இஸ்பேட் ஜாக், கிளாவர் பத்து. அதே ஜாக்-பத்து, கூடவே பெரிய ஃப்ளஷ் டிரா (இன்னும் ஒரு இஸ்பேட் விழுந்தால் ஒரே ஜாதியில் ஐந்து, ஸ்ட்ரெயிட்டை அடிக்கும் ஃப்ளஷ்), அதற்கும் மேலே ராணி. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பெரியப்பாவே வந்து முதுகில் தட்டியது மாதிரி இருந்தது.

டர்னில், அதாவது நாலாவது சீட்டாக, டைமண்ட் மூன்று. ரிவரில், கடைசிச் சீட்டாக, ஆர்ட்டின் இரண்டு.

ஒன்றுமே வரவில்லை. ஜாக்-பத்து அப்படியே ஜெயித்தது. நான் இருந்திருந்தால் என் பங்கு மெயின் பாட்டில் (ஆளுக்கு என் சிப் அளவு வரை சேர்ந்த பாட்டில்) சரிபாதி, 1,09,000. டெல்லிக்காரர் எழுந்து எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார், பத்தொன்பதாவது ஆள். சுற்றிலும் கைதட்டல், பதினெட்டு பேரும் பணத்துக்குள் வந்துவிட்டோம். அந்தச் சத்தத்தில்தான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கோயமுத்தூர்க்காரரிடம் "என்கிட்டயும் ஜாக்-பத்து இருந்ததுங்க" என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

666

மறுநாள் இரவு பஸ்ஸில் ஒரு நோட்டும் பேனாவும். பதினாறாவது இடம் எனக்கு, வரி பிடித்தது போக மிஞ்சியது பயணச் செலவுக்குச் சரியாக இருந்தது. ஹூப்ளி தாண்டும் வரை எண்ணினேன். அப்புறம் முதலிலிருந்து மறுபடி எண்ணினேன், ஏனென்றால் முதல் விடையை நம்ப முடியவில்லை.

மூன்று பேர் கையில் பன்னிரண்டு சீட்டு, போர்டில் மூன்று. மிச்சம் 37. அதில் இரண்டு சீட்டு விழ 666 வழி. எனக்கு என்ன வேண்டும்? இஸ்பேட் விழக் கூடாது, விழுந்தால் தொப்பிக்காரனுக்கு ஃப்ளஷ். போர்டு ஜோடி சேரக் கூடாது, சேர்ந்தால் டெல்லிக்காரருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒன்றில் மூன்று, இன்னொன்றில் இரண்டு; ஸ்ட்ரெயிட், ஃப்ளஷ் இரண்டையும் அடிக்கும்). பத்தோ ஜாக்கோ வரக் கூடாது, வந்தால் ராணி வேலை செய்து அவனுக்கு என்னுடையதைவிடப் பெரிய ஸ்ட்ரெயிட் ஆகும் (கூடவே ஒரு ராணியும் போர்டில் வந்தால் தப்பிக்கலாம், அப்படி ஆறே ஆறு வழி). இத்தனையும் நடக்காமல் இருந்தால் எனக்குப் பாட் முழுதும் கிடைக்குமா? கிடையாது. தொப்பிக்காரனிடமும் அதே கை, பாதிதான். முழுப் பாட்டை நான் தனியாக ஜெயிக்கும் வழி அந்த 666-ல் ஒன்றுகூட இல்லை. நட்ஸ் கையில் வைத்துக்கொண்டு, பூஜ்யம்.

பாதி கிடைக்கும் வழிகள் 162. டெல்லிக்காரர் ஜெயிக்கும் வழிகள் 265. தொப்பிக்காரன் தனியாக ஜெயிப்பது 239. பங்காகச் சொன்னால் அவனுக்கு 48 சதவீதம், டெல்லிக்காரரின் செட்டுக்கு 39.8, அந்த நேரத்தின் மிகப் பெரிய கையை வைத்திருந்த எனக்கு 12.2. நான் 58,000 போட்டிருந்தால் பாட் 2,18,000. அதில் என் சராசரிப் பங்கு 26,500. ஐம்பத்தெட்டைக் கொடுத்து இருபத்தாறரையை வாங்கும் வியாபாரம்.

பஸ்ஸில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பக்கத்து பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி நோட்டைக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அதே கைகள் மூன்றில் தொப்பிக்காரன் இல்லாமல் டெல்லிக்காரர் மட்டும் எதிரில் இருந்திருந்தால் என்ன என்று அடுத்து எண்ணினேன். அப்போது எனக்கு 63 சதவீதம். ஒரே ஆள் கூடியதில் 63 பன்னிரண்டாகிறது. ஹோல்டெம் மூளைக்கு இது ஏறவே ஏறாது. மேலே இன்னொரு படி கட்டிக்கொள்ள வழியில்லாத ஸ்ட்ரெயிட் ஒரு ஆளுக்கு எதிராக நல்ல கை, இரண்டு ஆள் மொத்தமாகப் பணத்தைத் தள்ளும்போது பாதியைக் கனவு காணும் கை.

ஆனால் நேர்மையாக இருந்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கைகளை நான் பார்த்தது மடக்கிய பிறகு. மேசையில் உட்கார்ந்திருந்தபோது தொப்பிக்காரனிடம் வெறும் செட் இருந்திருக்கலாம், ராணி இல்லாத ஜாக்-பத்து இருந்திருக்கலாம், ஜோடியும் ஃப்ளஷ் டிராவும் வைத்துக்கொண்டு பெரிய ஸ்டாக்கின், அந்தச் சிப் குவியலின், திமிரில் தள்ளியிருக்கலாம். எல்லாவற்றையும் கலந்து பார்த்தால் என் பங்கு 12 இல்லை. 30 என்றே வைத்துக்கொள்வோம். எனக்குத் தேவை 26.6 (2,18,000-ல் 58,000). காசு ஆட்டம் என்றால் போட்டுவிட்டு, தோற்றால் பையிலிருந்து இன்னொரு கட்டு எடுத்து வைக்கலாம். டோர்னமென்ட்டில் பரிசுக்கு ஒரு ஆள் பாக்கி இருக்கும்போது, இரட்டிப்பாகும் சிப் இரட்டிப்புப் பணம் ஆவதில்லை, போகும் சிப் மொத்தமாகப் போகிறது. ஐசிஎம் (டோர்னமென்ட் சிப்பைப் பரிசுப் பணமாக மாற்றிப் பார்க்கும் கணக்கு) பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. 26.6-க்கும் பபுள் (பரிசு எல்லைக்குச் சற்று முந்தைய கட்டம்) கேட்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் டோர்னமென்ட் ஓமஹா முழுதும் நடக்கிறது. அப்படிப் பார்த்தால் சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தது தப்பே இல்லை. அதுவும் கணக்கின் ஒரு பகுதிதான்.

இப்படி நான் வாதாடுவதைக் கவனிக்கிறீர்களா? வக்கீல் வைத்த மாதிரி ஒவ்வொரு சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாய்தா வாங்கவும் தயார்.

சான்றிதழ்

அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதுதான் கெடுத்தது.

நாற்பது நொடியில் கையை நகர்த்தியது பயம் என்றால், அந்தப் பயத்துக்குக் கணக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆறு மாதம் அந்தச் சான்றிதழை எல்லா இடத்திலும் நீட்டினேன். யாராவது இரண்டு தடவை பெட் போட்டால் போதும், "உடையக்கூடிய கை" என்று மனசுக்குள் ஒரு வார்த்தை வரும், சீட்டு டீலரிடம் போய்விடும். கேட்டால் என்னிடம் 666 இருக்கிறது, 162 இருக்கிறது. நண்பர்கள் "மடக்கி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அதே ஊரில் இன்னொரு டோர்னமென்ட். பரிசுக்கு இன்னும் நாற்பது பேர் வெளியேற வேண்டும், பபுள் கண்ணுக்கெட்டாத தூரத்தில். என்னிடம் இரண்டு கிங். போர்டில் டைமண்ட் கிங், ஆர்ட்டின் பத்து, ஆர்ட்டின் ஐந்து. மேல் செட், இந்த நிமிடத்தின் நட்ஸ். எதிரில் ஒரே ஒரு ஆள். நான் பாட் போட்டேன், அவர் என்னை ஆல் இன் ஆக்கினார். நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன். ராப் (பல சீட்டில் எது விழுந்தாலும் ஸ்ட்ரெயிட் ஆகும் கை), ஃப்ளஷ் டிரா, இரண்டும் சேர்ந்து, இந்த செட் எவ்வளவு உடையக்கூடியது என்று எனக்கு நானே பாடம் நடத்திவிட்டு மடக்கினேன். அவர் சிரித்தபடி இரண்டு ஆர்ட்டினைத் திருப்பிக் காட்டினார். வெறும் ஃப்ளஷ் டிரா. நாலில் மூன்று பங்கு எனக்கு. பெரிய ராப்பும் ஃப்ளஷ் டிராவும் சேர்ந்தே இருந்திருந்தாலும் ஏறக்குறைய பாதி என்னுடையது, நடுவில் ஏற்கெனவே கிடந்த சிப் வேறு. எந்தக் கணக்கிலும் அது மடக்கும் கை இல்லை. ஜோடி சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ் ஆகும் வழி என் செட்டுக்கு இருந்தது; கப்பலில் நான் வைத்திருந்த ஸ்ட்ரெயிட்டுக்கு அப்படி ஒரு வழியும் கிடையாது. இரண்டையும் ஒரே வார்த்தையால் அழைத்துவிட்டேன்.

டெல்லிக்காரரை நினைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். அவரும் அந்த இரவு உடையக்கூடிய கையோடுதான் இருந்தார். ஒன்பது செட், எதிரில் ஸ்ட்ரெயிட் ஏற்கெனவே முடிந்திருக்க எல்லா வாய்ப்பும் உள்ள போர்டு, பரிசுக்கு ஒரு ஆள் பாக்கி. அவர் பாட் போட்டார், தள்ளினபோது கால் செய்தார், 39.8 சதவீதத்தோடு தோற்றார், கை கொடுத்துவிட்டுப் போனார். அவர் செய்தது பபுளில் சரியா என்று கேட்டால் நான் கொஞ்சம் இழுப்பேன். ஆனால் அவரை யாரும் "எதுக்கு ஆட வந்தீங்க" என்று கேட்கவில்லை. அவர் எதற்கு வந்தார் என்பது மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வாட்ஸாப்

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிப் பழகிக்கொண்டிருந்த இடமெல்லாம் மூடிக்கொண்டது. வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. எனக்கும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் கோயமுத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன். கப்பலிலிருந்து கரைக்கு வரும் படகில் நம்பர் வாங்கியிருந்தார். "அட, நட்ஸ் தம்பியா!" என்றார். அந்தப் பெயரில்தான் போனில் பதிந்து வைத்திருந்தாராம்.

நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் சொன்னேன். 37 சீட்டு, 666 வழி, 162, 12.2. நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். மில் கணக்கு பார்த்தவர், எண்கள் அவருக்குச் சட்டென்று பிடித்தன. "ஓ, பாதிக்கு மேல கெடைக்கவே கெடைக்காதுங்களா? அது நான் யோசிக்கலைங்க" என்றார். எனக்கு மனசு நிறைந்தது. இரண்டு வருடத்துப் பாக்கியைத் தீர்த்துவிட்ட மாதிரி. அப்புறம் அவர், "சரிங்க தம்பி. அன்னைக்கு ஒக்காந்திருந்தப்ப இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

தெரியாது என்றேன். பொய் சொல்ல ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அப்ப சரிங்க" என்றார். எதற்குச் சரி என்று சொல்லவில்லை. பேச்சு கோயமுத்தூர் மழைக்கு மாறியது.

ஆனால் அன்றிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு கை வருகிறது. நிஜச் சீட்டை டைனிங் டேபிளில் பரப்பி போட்டோ எடுத்து அனுப்புகிறார். ஓரத்தில் இட்லித் தட்டோ காபி டம்ளரோ தெரியும். கீழே பிளைண்ட், ஸ்டாக், யார் எவ்வளவு போட்டார்கள். கடைசியில் "ஆடுவீங்களா?" என்று மட்டும். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் பதில் அனுப்புவேன். சில நாள் நான் மடக்கச் சொன்ன இடத்தில் அவர் சண்டைக்கு வருவார், சில நாள் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஒன்று மட்டும் மாறியதில்லை. ஒவ்வொரு தடவையும் நான் முதலில் தேடுவது, மீதி எத்தனை பேர், பரிசு எத்தனை பேருக்கு என்கிற வரியை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த போட்டோவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் எட்டு, டைமண்ட் ஏழு. வேண்டுமென்றே வைத்திருக்கிறார். நான் பிக் பிளைண்ட், முன்னால் 58,000, ஒருவர் பாட், இன்னொருவர் அதற்கு மேல் பாட். என் கையில் டைமண்ட் ஜாக், ஆர்ட்டின் பத்து. கூட இருந்த ஏஸும் நாலும் மட்டும் இந்தத் தடவை கிளாவர் இல்லை, இஸ்பேட். அதே ஸ்ட்ரெயிட், மேலே பெரிய ஃப்ளஷ் டிரா. தொப்பிக்காரன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்.

"ஆல் இன்" என்று அடித்து அனுப்பிவிட்டு, பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பதில் இருந்தது.

"பாக்கி எத்தனை பேருன்னு நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே தம்பி?"